பதினோரு மணி மழை

எங்கள் பள்ளிக்கூடத்தில் மழைக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. முதல் சொட்டு எந்தப் பிள்ளை மேல் விழுகிறதோ, அது "மழை!" என்று கத்த வேண்டும். அத்தோடு பாடம் முடிந்தது. நான் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி, அடுத்த மரத்தடியில் கணக்கு வாத்தியார் பரிமல்தா பின்னக் கணக்கின் கடைசி வரியில் இருந்தாலும் சரி, பிள்ளைகள் அவரவர் ஆசனத்தைத் தட்டிச் சுருட்டிக்கொண்டு, பைகளை மணிக்கூண்டுக்கு அடியில் வீசிவிட்டு, மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள். ஆசனம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தரையில் போட்டு உட்காரும் சின்னத் துணிப்பாய், அவரவர் வீட்டில் தைத்தது. புத்தகம் நனையக் கூடாது. பிள்ளைகள் நனையலாம், வாத்தியார்களும் நனையலாம். நானும் இதே மாமரத்தடியில் படித்தவள்தான், மழை என்று கத்திவிட்டு ஓடியவள்தான். இந்த ஊரில் வேறு எந்தச் சட்டம் மாறினாலும் இது மாறாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். குளிர்காலத்தில் ஒரு நாள் என் இடத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சுவர் இல்லாத பள்ளிக்கூடம் என்றால் சாத்துவதற்குக் கதவும் இல்லை. மார்கழித் திருவிழா தொடங்கியதும் கல்கத்தாவிலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்குவார்கள். பேட்டரி ரிக்‌ஷாக்காரன் ஒவ்வொரு மரத்தடியிலும் வண்டியை நிறுத்தி, "இதுதான் வகுப்பு, பாத்துக்கோங்க" என்பான். நான் வினைச்சொல் நடத்திக்கொண்டிருப்பேன், ஒரு மாமா செருப்போடு வந்து பிள்ளைகள் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்வார். ஒருத்தி என் மாணவி ஜபாவின் தோளைப் பிடித்து நகர்த்தி, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, மரம் மறைக்குது" என்றாள். நான் எழுந்து போய், "உங்க வீட்டுக்கு நான் வந்து உங்க பிள்ளைய இப்படித் தள்ளட்டுமா?" என்று கேட்டேன். புகார் அலுவலகத்துக்குப் போனது. அப்படித்தான் சான்யால் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

தேபோத்தம் சான்யால் துர்கா பூஜை முடிந்த கையோடு வந்த புது நிர்வாகி. இங்கே ஆசிரியர்களை ஐயா, அம்மா என்று கூப்பிடும் பழக்கமே கிடையாது. ஆண் என்றால் பெயரோடு 'தா', அதாவது அண்ணன். பெண் என்றால் 'தி', அக்கா. நான் எல்லாருக்கும் கேயாதி. வயதானவரோ, பெரிய பதவியில் இருப்பவரோ, அதே மரியாதைதான். அதனால் முதல் கூட்டத்திலேயே நான் வெள்ளந்தியாக, "தேபோத்தம்தா, ஒரு சந்தேகம்" என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் உங்களுக்கு அண்ணன் முறை ஆகலை, மேடம். சார்னு கூப்பிடுங்க."

அன்றிலிருந்து சார் என்றுதான் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் வாயில் கல் கடிபடுகிறது.

புகாரைப் பற்றித் திட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனால், அவர் தேநீர் வரவழைத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"கால்வாய்ப் பக்கம் புதுக் கட்டடம் முடிஞ்சாச்சு, பாத்தீங்களா? ஃபேன், கேமரா எல்லாம் போட்டாச்சு. வகுப்புகள உள்ள கொண்டு போயிடலாம்னு இருக்கோம்."

"எந்த வகுப்புகள?"

"எல்லாத்தையும்தான். வெயில், தூசி, டூரிஸ்ட் தொல்லை. நீங்கதானே தினம் கத்துறீங்க?"

"டூரிஸ்ட்டை வெளிய அனுப்பச் சொன்னேன், சார். பிள்ளைங்கள உள்ள அடைக்கச் சொல்லல."

அவர் சிரித்தார். ஜனவரியில் டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறதாம். ஊரை ஏதோ பெரிய பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்கப் போகிறார்களாம். அவர்களுக்குத் திறந்தவெளி வகுப்பு ஒன்றாவது காட்டியாக வேண்டும்.

"உங்க வகுப்புதான் பாக்க நல்லா இருக்கு. மரம் பெருசு, வெளிச்சமும் நல்லா விழுது."

"பாடம் எப்படி இருக்குன்னு யாராவது பாப்பாங்களா?"

"அதெல்லாம் ரிப்போர்ட்ல எழுதிக்கலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேரா பேசுவோம். அன்னிக்கு நல்லபடியா நடத்திக் குடுங்க, உங்க ஆறாம் வகுப்பு மரத்தடியிலேயே இருக்கும். என் வார்த்தை. சொதப்பினீங்கன்னா எல்லாரோட சேந்து நீங்களும் கட்டடத்துக்குள்ள. உங்க இஷ்டம்."

வெளியே வந்தபோது காது இரண்டும் கொதித்தன. திறந்தவெளிக்காகவே உண்டான ஊரில், ஒரு மரத்தடியை நான் பேரம் பேசி வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஜபா முர்முவை நினைத்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துச் சந்தால் பழங்குடிக் கிராமத்துப் பெண். போன வருஷம் மழைக்காலத் தேர்வுக்காக அவளை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். அன்று முழுக்க வாயே திறக்கவில்லை, பெயரைக் கேட்டதற்குக்கூடப் பதில் இல்லை. மரத்தடியில் அவள் வாயை மூட வைப்பதுதான் என் பாடு. மேலே எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டே இலக்கணம் சொல்லுவாள். அவளைக் கொண்டுபோய் அந்த ஃபேனுக்கு அடியில் அடைக்க என்னால் முடியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒத்திகை தொடங்கியது. பிள்ளைகள் உட்கார வேண்டிய இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டார்கள். வீட்டு ஆசனங்களை வாங்கி மூட்டை கட்டி வைத்துவிட்டு, கைவினைச் சந்தையில் வாங்கிய ஒரே மாதிரியான ஆசனங்களைக் கொடுத்தார்கள். ஜபாவின் ஆசனம் அவள் அம்மாவின் பழைய புடவையில், உள்ளே உரச்சாக்கு வைத்துத் தைத்தது. அவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தாதான் படத்துல எடுப்பா இருக்கும்" என்றார் சான்யால்.

"அது உரச்சாக்குதான், சார். ஆனா அது அவளோடது" என்றேன்.

"ஒரு நாள்தானே, மேடம்."

அந்த 'ஒரு நாள்தானே' என்ற சொல்லை நினைத்தால் இப்போதும் ஏதாவதொன்றைத் தூக்கிப் போட்டு உடைக்கத் தோன்றுகிறது. நான் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள், பிள்ளைகள் சொல்ல வேண்டிய பதில்களையும் எழுதிக் கொடுத்தார்கள்.

"பதில் தெரிஞ்ச கேள்விய எதுக்குக் கேக்கணும், கேயாதி?" என்று ஜபா கேட்டாள்.

"பெரியவங்க அப்படித்தான் கேப்பாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

குழு வந்த நாள் நல்ல குளிர். கார்த்திகைக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை, மாவிலையெல்லாம் செம்மண் தூசி படிந்து துருப்பிடித்த தகரமாகக் கிடந்தது. மரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று சான்யால் விடியற்காலையிலேயே தண்ணீர் லாரி சொல்லியிருந்தார். லாரிக்கார நிதாய் வழக்கம்போலத் தாமதமாக வந்து, குழுவின் கார்கள் வாசலில் நிற்கும்போதுதான் குழாயை மேலே தூக்கி மரத்தைக் கழுவி முடித்தான். லாரியை மறைப்பதற்குள் சான்யாலுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எதிரே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் குழு உட்கார்ந்தது. நடுவில் தலைவி, பக்‌ஷி அம்மாள், தோளில் காஷ்மீர் சால்வை. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த முதல் கேள்வியை நான் கேட்டேன். முதல் பையன் மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னான். இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறந்தபோது, நனைந்த கிளையிலிருந்து ஒரு சொட்டு ஜபாவின் பின்கழுத்தில் விழுந்தது.

"மழை!"

யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்க்கவும் மாட்டார்கள். வகுப்பு முழுவதும் எழுந்து, ஆசனத்தைத் தட்டி, சுருட்டி, ஓடியது. ஒரு மரத்தடியில் கத்தினால் எல்லா மரத்தடியும் எழும், அதுதான் வழக்கம். எனவே சொட்டே விழாத அடுத்த மரத்தடியிலிருந்தும் பிள்ளைகள் பாய்ந்தார்கள். பரிமல்தா, ஐம்பத்தெட்டு வயசு மனிதர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினார். எனக்கே பாதி தூரம் போன பிறகுதான் வெயில் அடிப்பது உறைத்தது. மேகமே இல்லாத நீல வானத்துக்குக் கீழே, மொத்தப் பள்ளிக்கூடமும் மழையில் நனைய மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது.

"எங்கடி மழை?" என்று ஒரு பையன் கேட்டான்.

"என் கழுத்துல விழுந்துச்சுடா!" என்றாள் ஜபா. பிறகு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

சான்யால் வெளிறிப்போய் ஓடி வந்தார். "கூப்பிடுங்க மேடம்! எல்லாரையும் திரும்ப உக்கார வைங்க!"

"மழைன்னு எழுந்த பிள்ளைங்கள திரும்பக் கூப்பிட மாட்டோம், சார்."

"எங்க மேடம் மழை? எங்க?"

"உங்க லாரியைக் கேளுங்க."

மரத்தடி போயிற்று என்று நினைத்தேன். போனது போனதுதான், இனி என்ன பயம் என்று நேராக நாற்காலிகளுக்கு முன்னால் போய் நின்றேன். "அம்மா, இதுவரைக்கும் நீங்க பாத்தது எல்லாம் பொய். கேள்வி பொய், பதில் பொய், அந்த ஆசனம்கூடப் பொய். இப்ப ஓடுனாங்களே, அது ஒண்ணுதான் நெசம்" என்றேன். கோபத்தில் எனக்கு எப்போதும் அழுகைதான் முந்திக்கொண்டு வரும், அதற்காகவும் கோபம் வரும்.

பக்‌ஷி அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார். கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு அழகு! இதைப் பாக்கத்தானே நாங்க இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். மற்றவர்களும் தட்டினார்கள். பிறகு தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு சான்யாலிடம் திரும்பினார். "நான் வீடியோ எடுக்கலையே. அந்தத் தண்ணிய இன்னொரு தடவை அடிக்கச் சொல்ல முடியுமா?"

நிதாய் லாரியைக் கொண்டு வந்தான்.

மறுநாள் சான்யால் வெல்லச் சந்தேஷ் இனிப்பு ஒரு பெட்டி அனுப்பினார். நேரிலும் வந்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், அதை மறுக்க மாட்டேன். பிப்ரவரியில் மற்ற எல்லா வகுப்பும் கட்டடத்துக்குள் போக, என் ஆறாம் வகுப்பு மட்டும் மாமரத்தடியில் இருக்கும் என்றார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். தினமும் பதினோரு மணிக்கு அந்த மழை வேண்டும். டிக்கெட் போடப் போகிறார்களாம்.

"முடியாது" என்றேன்.

"கால் மணி நேரம் எனக்கு, மேடம். மீதி நாள் முழுக்க மரம் உங்களுக்கு. பிள்ளைங்களும் ஜாலியாத்தானே ஓடுறாங்க?"

"புதன்கிழமையும் வரணுமா?" இங்கே வார விடுமுறை ஞாயிறு அல்ல, புதன். அதையும் விற்றுவிடுவாரோ என்று கிண்டலாகத்தான் கேட்டேன்.

"வந்தா நல்லது" என்றார் அவர், கிண்டல் புரியாமல்.

புதன்கிழமை வர மாட்டோம் என்று சண்டை போட்டு ஜெயித்தேன். அதை ஒரு பெரிய வெற்றியாக நினைத்துக்கொண்டு மற்றதற்கெல்லாம் தலையாட்டினேன். கால் மணி நேரம்தானே, மரம் மிஞ்சுகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கட்டடத்துக்குப் போகும் நாளில் பரிமல்தா தன் ஆசனத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே பெஞ்சு இருக்கிறதாம்.

"இனிமே நீதான் வருண பகவான், கேயா. நேரம் தவறாம மழை பெய்யற ஊரு உலகத்துலயே நம்ம ஊருதான்."

"குத்திக் காட்டாதீங்க, பரிமல்தா."

"குத்தலம்மா. உள்ள ஃபேன் இருக்கு, கணக்குக்கு மழை எதுக்கு?" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "அன்னிக்கு ஓடினேன் பாரு, அதுதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருப்பேன்" என்றார்.

மாசி, பங்குனி முழுக்கப் பதினோரு மணி மழை பெய்தது. நிதாய் மரத்துக்குப் பின்னால் குழாயோடு காத்திருப்பான். முதல் சொட்டுக்காரி ஜபாதான், அவள் குரல்தான் எட்டுகிறது என்று சான்யால் சொல்லிவிட்டார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். அதுவரை ஓடி, அங்கே நின்று, நாற்காலிகளைப் பார்த்துத் திரும்பி, வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். கை தட்டி ஓய்ந்ததும் திரும்பி வந்து ஈர ஆசனத்தில் உட்கார வேண்டும். "இன்னொரு தடவை சிரிங்க பாப்பா" என்று கேட்பவர்களுக்கு இன்னொரு தடவை சிரிக்க வேண்டும். நான் அந்தக் கால் மணி நேரமும் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். யாரும் ஜபாவின் தோளைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் ஆனது ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

சித்திரை பிறக்கப் போகிற சமயம். செம்மண் அடுப்பாகக் காய்ந்து, கோபாய் ஆறு முழங்கால் அளவுக்கு வற்றிவிட்டது. அன்றைக்குப் பதினோரு மணிக்கு ஆறேழு பேர்தான் வந்திருந்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள். நான் எதிர்கால வினையை நடத்திக்கொண்டிருந்தேன். வடமேற்கில் திடீரென்று இருட்டியது. மாம்பிஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்தன, மண் வாசம் வந்தது. இடி இல்லை, மின்னல் இல்லை, சுத்தமான மழை. ஐந்து மாதம் கழித்து வருகிற முதல் மழை. என் புத்தகத்தின் மேல் சொத்தென்று ஒரு சொட்டு விழுந்தது.

ஆசிரியர் கத்தக் கூடாது, பிள்ளைதான் கத்த வேண்டும். நான் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

ஜபாவின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் புறங்கையால் துடைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்தவன் நோட்டை மடியில் மறைத்துக்கொண்டான். பலமாகவே விழ ஆரம்பித்தது. ஒருவரும் அசையவில்லை.

"ஜபா, என்ன அது?"

"தண்ணி, கேயாதி."

"தண்ணியா? மழைடி! ஏன் எழுந்திருக்கல?"

அவள் குழப்பமாக என்னைப் பார்த்தாள். "இன்னிக்கு மழைதான் முடிஞ்சிருச்சே."

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. சான்யால் மேல், சால்வைக்காரி மேல், கைதட்டியவர்கள் மேல், கால் மணி நேரம்தானே என்ற என் மேல். "எழுந்திருங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் எழுந்திருங்க! ஓடுங்க!" மழைக்கு எழுந்திருக்கச் சொல்லி இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை.

எழுந்தார்கள். ஆசனத்தைத் தட்டி, சுருட்டினார்கள். ஜபா கழுத்தை நிமிர்த்தி, நீட்டி முழக்கி, "மழை" என்றாள். எல்லாரும் ஓடினார்கள். சுண்ணாம்புக் கோட்டை மழை கரைத்துவிட்டிருந்தது. இருந்தும் அது இருந்த இடம் வந்ததும் நின்றார்கள், யார் காலும் ஓர் அடி தாண்டவில்லை. ஒன்றாகத் திரும்பினார்கள். எதிரே தண்ணீர் தேங்கிய காலி நாற்காலிகளைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"போதும்!" என்று கத்தினேன். "போதும், நிறுத்துங்க!"

சிரிப்பு ஒரே நேரத்தில் நின்றது. கொட்டுகிற மழையில் ஜபா முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு கேட்டாள்:

"சரியா வந்துச்சா, கேயாதி?"